கோட்டை வேண்டாம் என்று எழுதினேன்

1

நான் ஜெர்மனிக்கு வந்து பதினோரு வருடம் முடிந்த அதே வாரத்தில் அம்மாவின் விசா விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இரண்டும் சேர்ந்து வந்ததில் ஒரு அர்த்தமும் இல்லை. ஆனால் கோபப்படுவதற்கு வசதியாக இருந்தது.

அம்மா எங்கள் கிராமமான இண்டூரில் இருக்கிறாள். பெயர் ராஜம்மாள். இரண்டு கறவை மாடு, கொஞ்சம் தக்காளி, கொஞ்சம் சம்பங்கி என்று விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை காலில் நிற்கிறவள். என் தம்பி குமார் அதே ஊரில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறான். பட்டா மாறுதல், ஆதார் திருத்தம், சாதிச் சான்றிதழ் என்று சுற்றுப்பட்ட ஊர்களுக்கெல்லாம் அவன்தான் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறான். சொந்த அம்மாவுக்குப் போட்டதுதான் திரும்பி வந்துவிட்டது.

கைரேகை கொடுக்கச் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. அம்மாவும் குமாரும் பொம்மிடியில் சின்னம்மா வீட்டில் முந்தின நாளே போய்த் தங்கி, அங்கிருந்து ரயில் ஏறினார்கள். விண்ணப்ப மையத்தில் ஒரு பெண் தமிழிலேயே கேட்டிருக்கிறாள்.

"எதுக்கும்மா போறீங்க?"

"எம் பொண்ணு எப்புடி இருக்குதுன்னு பாக்கறதுக்குங்க."

"எப்போ திரும்பி வருவீங்க?"

"பாத்துட்டு வந்துருவேனுங்க."

இந்தக் கடைசிப் பதில்தான் காரியத்தைக் கெடுத்தது என்பது குமாரின் கட்சி. திரும்பும் டிக்கெட்டில் தேதி இருந்தது. ஆனாலும் வாயால் சொல்லியிருக்க வேண்டுமாம். வந்த பதிலில், குறித்த காலத்துக்குள் இவர் தன் நாட்டுக்குத் திரும்புவார் என்று நம்பப் போதிய ஆதாரம் இல்லை என்று இருந்தது. நான் அதைப் போனில் தமிழாக்கிச் சொன்னேன்.

"மாட்ட வுட்டுட்டு நான் அங்க எதுக்குக் குடியிருக்கப் போறேன்?" என்றாள் அம்மா. "எழுதுன ஆளுக்கு மாடு கன்னு ஏதாச்சும் இருக்குதான்னு கேளு."

யாரிடம் கேட்பது? அந்தப் பதிலின் அடியில் ஒரு மனிதரின் பெயர்கூட இல்லை.

எனக்கு வேறொரு சந்தேகம் உண்டு. அழைப்புக் கடிதத்தை நான்தான் ஜெர்மனில் எழுதினேன். 'அம்மா என்னோடு தங்குவார்' என்பதுதான் நான் எழுத நினைத்தது. தமிழில் தங்குவது வேறு, குடியிருப்பது வேறு. ஜெர்மனிலும் வேறுதான். நான் எழுதிவிட்டதோ குடியிருப்பதற்கான சொல். அனுப்பும் முன் என் மகள் நிலாவிடம் பார்க்கக் கொடுத்தேன். அவளுக்குப் பதினான்கு வயது. இங்கே மூன்று வயதிலிருந்து வளர்கிறவள், ஜெர்மன் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமலே "ஓகேம்மா" என்றாள். நிராகரிப்பு வந்த பிறகுதான் உண்மையில் படித்தாள். "அம்மா, இது ஆயா இங்க வந்து லைஃப் ஃபுல்லா இருப்பாங்கன்னு மீனிங்" என்றாள்.

அந்த ஒரு சொல்லால்தான் போயிற்றா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அதுதான் எரிச்சல்.

2

யோசனை குமாருடையது.

"அக்கா, இப்ப ஒரு ஏஐ வந்திருக்குது. ரெண்டு வரி எழுதுனாப் போதும், இல்லன்னா ஒரு போட்டோ குடுத்தாப் போதும். ஒரு ஊரையே கட்டிக் குடுத்துருது. அதுக்குள்ளாற நாம நடந்து போலாம். யூடியூப்ல பாத்தேன்."

"அதுக்கு என்ன இப்போ?"

"நீ இருக்கற தெருவ அதுல செஞ்சு அனுப்பு. அம்மாவ நான் சென்டர்ல உக்கார வெச்சு நடக்க வுடறேன். விசாவும் வேண்டாம், ஒரு எழவும் வேண்டாம்."

வீடியோ காலில்தான் வீட்டையும் தெருவையும் காட்டியிருக்கிறேனே என்றேன்.

"நீ காட்டறதத்தான அம்மா பாக்குது? அது பாக்கணும்கறத நீ எங்க காட்டற? சட்டுசட்டுனு போனத் திருப்பற. அதுக்குத் தல சுத்துதுங்குது."

அது நியாயமாகப் பட்டது. வீடியோவில் நான் எதைக் காட்டினேன் என்று நினைத்துப் பார்த்தால் சமையலறை, பனி, டுலிப் பூ. அவ்வளவுதான். சரி, செய்து பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

எடுத்த எடுப்பில் பெரிதாகப் பேசப்பட்ட ஒன்றைத் திறந்தேன். உங்கள் நாட்டில் இந்தச் சேவை இன்னும் இல்லை என்றது. அடுத்ததில் காத்திருப்போர் வரிசையில் பெயர் எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். எழுதினேன். இன்றுவரை கூப்பிடவில்லை. மூன்றாவதாக ஒன்று உள்ளே விட்டது. சரிபார்க்க மின்னஞ்சலுக்கு ஒரு எண், போனுக்கு ஒரு எண், பிறந்த தேதி, எதற்காகப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று ஒரு கேள்வி. அதற்குக் கீழே விளையாட்டு, கட்டடக்கலை, கல்வி, திரைப்படம் என்று தெரிவுகள். அம்மாவுக்குத் தெருவைக் காட்ட என்று ஒன்று இல்லை. கல்வி என்று அழுத்தினேன்.

கடைசியில் ஒரு வெற்றுப் பெட்டி வந்தது. நீங்கள் நடக்க விரும்பும் உலகத்தை விவரியுங்கள் என்றது.

3

நான் இங்கே ஒரு பல் கூடத்தில் வேலை செய்கிறேன். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துச் செயற்கைப் பல் செய்வது எங்கள் வேலை. பக்கத்துப் பல்லின் நிறத்தைவிட ஒரு சாயல் வெளுத்திருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பதினோரு வருடத்தில் என் கண் அதற்குப் பழகிவிட்டது. கிட்டத்தட்ட சரி என்பது எங்கள் மேஜையில் தவறு.

அந்தக் கண்ணோடு அந்தப் பெட்டியில் எழுதினேன். வட ஜெர்மனியில் ஒரு சிறிய ஊர். சாம்பல் நிறத்தில் நான்கு மாடிக் குடியிருப்பு. எதிரே சூப்பர் மார்க்கெட்டின் கார் நிறுத்துமிடம். அதன் ஓரத்தில் காலி பாட்டில்களைப் போடும் பெரிய தொட்டிகள். கண்ணாடி அடைத்த ஒரு பஸ் ஸ்டாப். லேசான மழை.

சற்று நேரத்தில் படம் எழுந்தது. அம்புக்குறி விசையை அழுத்தினால் நகர்ந்தது. உண்மையாகவே நடப்பதுபோலத்தான் இருந்தது, ஒரு நொடி மனம் குதித்தது. பிறகு பார்த்தால் கருங்கல் பாவிய வீதி, மரச்சட்டம் வைத்த பழங்கால வீடுகள், ஜன்னலுக்கு ஜன்னல் சிவப்புப் பூ. தெருமுனையில் ஒரு குன்று. குன்றின் மேல் கோட்டை.

எங்கள் ஊரில் குன்றே இல்லை. தரையில் கோலிக்குண்டை வைத்தால் உருளாத அளவுக்குத் தட்டையான பூமி.

கோட்டை வேண்டாம் என்று சேர்த்து எழுதினேன். இந்த முறை கோட்டை இன்னும் பெரிதாக, இன்னும் பக்கத்தில் வந்தது. கொடிகூடப் பறந்தது. எந்தக் கோட்டையும் எங்கேயும் இருக்கக் கூடாது என்று எழுதினேன். இரண்டு கோட்டைகள் வந்தன. அன்றைய இலவச வாய்ப்புகள் தீர்ந்துவிட்டன, நாளை வாருங்கள் என்றது.

மறுநாள் வேலை முடிந்து வந்து தமிழில் எழுதிப் பார்த்தேன். தமிழ் புரியும் என்று போட்டிருந்தார்கள். புரிந்துதான் இருந்தது. அதே நான்கு மாடிக் கட்டடம் வந்தது, இரு பக்கமும் தென்னை மரங்களோடு. கார் நிறுத்துமிடத்தில் ஒரு கோபுரம். கடைப் பலகையில் எழுத்துபோல ஏதோ இருந்தது. கிட்டப்போய்ப் பார்த்தால் தமிழும் இல்லை, ஜெர்மனும் இல்லை, குழந்தை கிறுக்கியதுபோல வளைவுகள். என் மொழியைப் பார்த்து என் ஊர் இதுவாகத்தான் இருக்கும் என்று அது முடிவு செய்துவிட்டது.

இன்னொரு தொல்லை. கொஞ்ச தூரம் நடந்து திரும்பிப் பார்த்தால், கடந்து வந்த தெரு இருக்காது. வேறொரு தெரு இருக்கும். பஸ் ஸ்டாப்பிலிருந்து கிளம்பி, திரும்பி வந்தால் அங்கே நீரூற்று. நடக்க நடக்கத்தான் அது உலகத்தைச் செய்கிறதாம், பின்னால் விட்டதை நினைவில் வைப்பதில்லையாம். ஒரு நிமிடம் போனதும் படம் மங்கி நின்றுவிடும்.

நான் மேஜையைத் தட்டிய சத்தத்தில் நிலா அறையிலிருந்து வந்தாள்.

"அம்மா, நீ அதுகூட ஃபைட் பண்ற."

"கோட்டை வேண்டாம்னு சொன்னா ஏன்டி கோட்டையே போடுது?"

"வேணாம்னு சொன்னா அதுக்குப் புரியாதும்மா. கோட்டைன்னு வேர்ட் கேட்டா கோட்டை வரும். நீ என்ன வேணும்னு மட்டும் சொல்லணும்."

"வேணும்கறத முதல்லயே சொன்னேனே."

"அது ரொம்ப போரா இருக்கு. அதான் அது அழகாப் பண்ணிடுச்சு."

4

அன்று நிலா என் நாற்காலியில் உட்கார்ந்து ஒன்று செய்து காட்டினாள். எனக்கு இரண்டு மாலை பிடித்த விஷயம் அவளுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கடலுக்கடியில் ஒரு நூலகம். அலமாரிகளுக்கு நடுவே மீன்கள். நன்றாகத்தான் இருந்தது. இல்லாத இடம் என்றால் அந்தக் கருவி அசத்துகிறது.

நல்ல மனநிலையில் இருந்தாளே என்று, "ஆயா ஊரச் செய்யேன், அதையும் பாப்போம்" என்றேன்.

அவள் ஜெர்மனில் ஏதோ தட்டினாள். மணல் நிறத்தில் ஒரு கிராமம் வந்தது. மண் சுவர், வண்ண வண்ணத் துணிகள் காயும் கயிறு, தலைப்பாகை கட்டிய ஒரு சிலைபோன்ற உருவம், தூரத்தில் ஒட்டகம். வளைவு வளைவாக ஒரு அரண்மனை வாசல்.

நான் சிரிப்பதற்குத் தயாராக அவளைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே விசையை அழுத்தி நடந்தாள்.

"இந்தப் பக்கம்தானே ஆயா வீடு?" என்றாள்.

கேலி செய்கிறாளா என்று ஒரு கணம் பார்த்தேன். இல்லை. அவள் ஆறு வயதில் கடைசியாக இண்டூர் போனவள். பிறகு பெருந்தொற்று, பிறகு என் வேலை மாற்றம், பிறகு அவள் அப்பாவின் வேலை. என் கணவர் கடலில் நிறுத்தியிருக்கும் காற்றாலைகளைப் பராமரிக்கிறார். இரண்டு வாரம் கடலில், இரண்டு வாரம் வீட்டில். மூவருக்கும் ஒரே நேரத்தில் விடுமுறை அமைந்ததே இல்லை.

"தார் ரோடு இருக்கும்டி அங்க. மாடி வீடு. எதிர்ல சிமெண்டு கடை. ஒட்டகத்த நானே மிருகக்காட்சி சாலையிலதான் பாத்திருக்கேன்."

"ஓ" என்றாள். "சாரி. நான் இந்தியா வில்லேஜ்னுதான் போட்டேன்."

மன்னிப்புக் கேட்டுவிட்டாள், மேலே என்ன சொல்வது? எனக்குக் கோபம் அந்தக் கருவியின்மேல்தான் வந்திருக்க வேண்டும். அது தெரியாததைத் தெரியாது என்று சொல்லாமல் நிரப்பிவிடுகிறது. ஆனால் நிரப்பியதை அப்படியே எடுத்துக்கொள்கிற அளவுக்கு என் மகளிடம் அந்த இடம் காலியாக இருந்ததே, அதற்கு யாரை நொந்துகொள்வது? சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினேன்.

5

கடைசியில் வேறு வகைக் கருவி ஒன்று கிடைத்தது. இது நடக்க நடக்கச் செய்வதில்லை. நாம் கொடுக்கும் படங்களை வைத்து ஒரு இடத்தை ஒரேயடியாகக் கட்டி வைத்துவிடும். திரும்பிப் பார்த்தால் தெரு அங்கேயே இருக்கும். ஒரு இணைப்பு கொடுக்கும், அதை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். குறை என்னவென்றால் படம் எடுக்காத பக்கத்தை அது தானாக ஊகித்துக்கொள்ளும், கொஞ்ச தூரத்துக்கு மேல் எல்லாம் கரைந்து புகையாகிவிடும்.

ஊகிக்க இடமே கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். ஒரு சனிக்கிழமை காலை பஸ் ஸ்டாப்பில் தொடங்கி, எங்கள் வாசல்வரை, நாலாபுறமும் திரும்பித் திரும்பிப் படம் எடுத்தேன். பாட்டில் தொட்டிகளை எடுத்தேன். சைக்கிள் நிறுத்தும் கம்பிகள், தபால் பெட்டிகள், மாடிப்படி, படியில் காயும் குடை. இத்தனை வருடத்தில் நான் இவற்றை ஒருமுறைகூடப் படம் எடுத்ததில்லை. ஊருக்கு அனுப்பியதெல்லாம் பூவும் பனியும் கிறிஸ்துமஸ் சந்தையும்தான். அதனால்தானோ என்னவோ, சின்னம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் "உனக்கென்னம்மா, சொர்க்கத்துல இருக்கற" என்கிறாள்.

படங்களை ஏற்றினால் தரம் போதாது என்றது. மறுபடி எடுத்தேன். வெளிச்சம் மாறுகிறது என்றது. மேகம் இல்லாத நேரத்துக்குக் காத்திருந்தால் இந்த ஊரில் கோடை வந்துவிடும். மூன்றாவது முறை ஏற்றுக்கொண்டது. பஸ் ஸ்டாப்பின் கண்ணாடி ஒரு பக்கம் உருகி வழிந்தது, சைக்கிள் ஒன்றுக்கு மூன்று சக்கரம். ஆனால் தெரு எங்கள் தெருதான். சாம்பல் கட்டடம் சாம்பலாகவே இருந்தது. குன்று இல்லை.

இதற்கிடையில் குமார் இரண்டாவது விண்ணப்பமும் போட்டிருந்தான். புது அழைப்புக் கடிதத்தை நிலா எழுதிக் கொடுத்தாள். இதை எழுதும்வரை பதில் வரவில்லை.

6

ஞாயிற்றுக்கிழமை காலை குமாருக்கு இணைப்பை அனுப்பினேன். அங்கே மதியம். கடையில் ஆள் இல்லை. அம்மாவைக் கணினி முன் உட்கார வைத்து, தன் போனில் என்னை வீடியோவில் அழைத்து, அவளும் திரையும் தெரியும்படி சாய்த்து வைத்தான்.

"எதம்மா அமுக்கறது?" என்று அம்மா அவனைக் கேட்டாள். ஆண்பிள்ளையையும் அம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

"இந்த மேல் அம்பு. அமுக்கிப் புடிச்சா நடக்கும்."

அம்மா நடந்தாள். பஸ் ஸ்டாப்பைச் சுற்றி வந்தாள். நான் காட்டாமல் அவளாகவே போனாள். குமார் சொன்னது சரிதான், அவளுக்குப் பார்க்க வேண்டியது வேறாக இருந்தது. சூப்பர் மார்க்கெட் பக்கம் திரும்பவே இல்லை.

"இந்தத் தொட்டி எல்லாம் என்னாது?"

"காலி பாட்டில் போடறதும்மா. வெள்ளைக்கு ஒண்ணு, பச்சைக்கு ஒண்ணு, பழுப்புக்கு ஒண்ணு."

"பாட்டிலுக்கு நெறம் பாத்து வூடு கட்டி வெச்சிருக்கறாங்க" என்று குமாரிடம் சொன்னாள்.

தபால் பெட்டிகளை நெருங்கி, எங்கள் பெயரைத் தேடினாள். எழுத்து குழம்பியிருந்தது. படி ஏறிப் பார்த்தாள், பாதியில் புகை.

"இதுக்கு மேல போவல."

"அவ்வளவுதாம்மா, அதுக்கு மேல படம் எடுக்கல."

திரும்பி மறுபடி பஸ் ஸ்டாப்வரை வந்தாள். அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தாள். எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருமை வந்தது. இத்தனை மாலை பட்ட பாட்டுக்கு இதுவாவது ஒழுங்காக அமைந்ததே என்று இருந்தது.

அம்மா விசையிலிருந்து கையை எடுத்தாள்.

"ஏங்கண்ணு, ஆளுங்க எங்க?"

"அதுல ஆளு வராதும்மா" என்றான் குமார். "எடத்த மட்டுந்தான் கட்டும்."

நானும் அதையேதான் சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் பேச்சு அதோடு முடிந்திருக்கும். ஆனால் அதற்குள் ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டேன். கீழே பஸ் ஸ்டாப், தொட்டிகள், கார் நிறுத்துமிடம். ஒரு ஈ காக்காய் இல்லை. படம் எடுத்த அன்றும் யாரையும் விலகச் சொல்லவோ, போகட்டும் என்று காத்திருக்கவோ எனக்கு நேரவே இல்லை. அந்தக் கருவி என்னென்னவோ தப்பாகச் செய்தது, இதை மட்டும் சரியாகச் செய்திருந்தது.

"இப்ப ஜன்னல்ல பாத்தாலும் இப்படித்தாம்மா இருக்குது" என்றேன்.

அம்மா திரையை விட்டுவிட்டுப் போனைப் பார்த்தாள். "அப்ப நீ யாருகிட்டப் பேசுவ?"

"கூடத்துல நாலு பேரு இருக்காங்க. நிலா இருக்கா. அவரு வந்தா அவரு."

"அவுங்கள வுடு. வாசல்ல, படியில. கீழ் வூட்டுல யாரு இருக்கறாங்க?"

"ஒரு வயசான பொம்பள."

"பேரு?"

"பீட்டர்சன்னு பெல்லுல எழுதியிருக்கும்."

"அது வூட்டுப் பேரு. அந்தம்மா பேரு என்ன?"

எனக்குத் தெரியவில்லை.

"பதினோரு வருசமா?"

"இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருசந்தாம்மா ஆச்சு."

"சும்னிரு" என்றாள். அம்மா பென்னாகரம் பக்கத்தில் கன்னடம் பேசும் வீட்டில் பிறந்தவள். கோபம் வந்தால்தான் அந்த மொழி வரும். எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே அதற்கு வாயை மூடு என்று அர்த்தம். "போயி கதவத் தட்டு."

எனக்கும் கோபம் வந்துவிட்டது. "இங்க அப்படியெல்லாம் திடுதிப்புனு போய்த் தட்ட மாட்டாங்கம்மா. ஞாயித்துக்கிழம வேற. முன்னாடியே கேட்டுட்டுத்தான் போகணும்."

"தட்டாம எப்புடிக் கேப்ப?"

"உனக்கு இந்த ஊரு தெரியாதும்மா!"

"அதத்தான் பாக்க வர்றேன்னேன். வுடமாட்டேனுட்டாங்க." அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "நீ போயி அந்தம்மாவக் காட்டு. தெருவப் பாத்துட்டேன். ஒரு மனுசாளப் பாத்துட்டேன்னா மாடு கறக்கப் போயிருவேன்."

நிலா தன் அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "போலாம்மா, நானும் வர்றேன்" என்று என் கையிலிருந்து போனை வாங்கினாள். பிறகு போகிற போக்கில், "அவங்க பேரு இங்கிரிட்" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நாம இல்லாதப்ப நம்ம பார்சல் எல்லாம் அவங்கதான வாங்கி வைக்கிறாங்க. நான் போய் எடுத்துட்டு வருவேன்."

பார்சல்கள் எப்படி எங்கள் கதவுக்கு முன்னால் வந்து உட்காருகின்றன என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

7

இங்கிரிட் அம்மையார் கதவைத் திறக்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். அதற்குள் நான் நான்கு முறை ஓடிப்போக நினைத்தேன். நரைத்த குட்டை முடி, மூக்கில் வழியும் கண்ணாடி, கம்பளிக் காலுறை. நிலாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. என்னைப் பார்த்ததும் அந்த மலர்ச்சி நின்றது.

படியில் வரும்போதே ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன். என் அம்மா இந்தியாவிலிருந்து பேசுகிறார், கீழ் வீட்டில் யார் இருக்கிறார் என்று பார்க்க ஆசைப்படுகிறார். சொல்லி முடித்தேன். எந்தச் சொல் எங்கே தவறியதோ, அவர் நிலாவைத் திரும்பிப் பார்த்தார்.

பிறகு, "ஞாயிற்றுக்கிழமை காலையில் கடகடவென்று ஒரு சத்தம் வருகிறதே, அது நீங்களா?" என்று கேட்டார்.

கிரைண்டர். வாரத்துக்கான மாவை ஞாயிறு காலையில்தான் ஆட்டுவேன். அன்றைக்கும் ஆட்டி முடித்துவிட்டுத்தான் போனை எடுத்திருந்தேன்.

நான்தான் என்றேன். தையல் இயந்திரம் என்று நினைத்தாராம். ஆறு வருடமாக மேலே வந்து சொல்ல வேண்டும் என்று நினைத்து நினைத்து வராமலே இருந்துவிட்டாராம். வாரம் முழுக்கச் சரியாகத் தூக்கம் இல்லாதவர், ஞாயிறன்று கண் அயரும் நேரம் பார்த்து அது தொடங்குமாம். சொல்லச் சொல்ல அவர் கழுத்து சிவந்துவிட்டது. நான் மன்னிப்புக் கேட்டேன். மாவு என்று சொல்லப் போய் வேறு எதையோ சொன்னேன் போலிருக்கிறது, நிலா உதட்டைக் கடித்தாள்.

போனிலிருந்து அம்மா கேட்டாள். "என்ன சொல்றாங்க?"

"ஞாயித்துக்கிழம நான் மாவாட்டற சத்தத்துல தூங்க முடியலையாம்."

"கோவமாச் சொல்றாங்களா?"

நான் இங்கிரிட்டின் முகத்தைப் பார்த்தேன். "கோவமாத்தாம்மா."

"செரி, பரவால்ல. சண்ட போடறதுக்காச்சும் ஒரு ஆளு இருக்குது." அவள் மூச்சு விட்டது இங்கேவரை கேட்டது. "நிலா, போன அந்தம்மா பக்கமாத் திருப்பு கண்ணு."

நிலா திருப்பினாள். இங்கிரிட் கண்ணாடியை மேலே ஏற்றிக் குனிந்தார். குமாரின் கடைச் சுவரும், அதன் முன்னால் தலையில் துண்டோடு உட்கார்ந்திருந்த அம்மாவும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தயங்கித் தயங்கிக் கையை ஆட்டினார். அம்மா இரண்டு கையையும் கூப்பி, தூரத்து வயலில் இருக்கிறவரைக் கூப்பிடுவதுபோலச் சத்தமாகப் பேச ஆரம்பித்தாள்.

"இனிமே சனிக்கெழமதான் ஆட்டுவா, நான் சொல்லிட்டேனுங்க. நீங்க மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. அவ ஒண்டியாக் கெடக்கறா, கொஞ்சம் பாத்துக்கங்க. சொல்லும்மா, அவுங்ககிட்டச் சொல்லு."

நான் ஒண்டியாகக் கிடக்கிறேன் என்பதை எப்படிச் சொல்வது, சொல்லத்தான் வேண்டுமா, விட்டுவிட்டுச் சனிக்கிழமையை மட்டும் சொல்லலாமா என்று ஜெர்மனில் சொல் தேடிக்கொண்டு நின்றேன். நான் தேடி முடிப்பதற்குள் நிலா ஒன்றுவிடாமல் மொழிபெயர்த்துவிட்டாள்.